முந்நூறு ஷீட்டுக்கும் மஞ்சள்

போன தை மாதம், தம்பி கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தபோது நடந்தது இது. கடலூர் முதுநகரில் ஒரு பிரஸ்ஸில் பதினாலு வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் விதவிதமாகப் பத்திரிகைக் கவர் போட்டுக் கொடுத்துவிட்டு, சொந்தத் தம்பிக்கு ரெடிமேட் கவரா? அதுவே போதும் என்று அப்பா சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடிப்பில் பிள்ளையார், கீழே தாமரை என்று நானே வரைந்து, ஷீட்டுக்கு இரண்டு கவர் வீதம் முந்நூறு ஷீட் அச்சடித்தேன்.

அச்சடித்ததோடு கவர் ஆகிவிடாது. சிதம்பரத்தில் ஒரு டை கட்டிங் கடையில் கொடுத்து, கவர் வடிவத்தில் வெட்ட வேண்டும். அதற்கு முன் மை காய வேண்டும். ஷீட்டுகளைத் தட்டி ஓரத்தைச் சமமாக்கி, மெஷினில் எந்த இரண்டு பக்கம் முட்டி நிற்க வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட வேண்டும். ஒரு ஷீட் கோணலாக உட்கார்ந்தாலும் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். எல்லாவற்றையும் பக்குவமாக முடித்து, ஷீட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் மதியம் நடை சாத்துவதற்குள் முதல் பத்திரிகையைச் சிதம்பரம் கோயிலில் வைத்துப் பெண் வீட்டாரிடம் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா ஏதோ கேட்டாள். போனைப் பார்த்தபடியே நானும் ஏதோ சொன்னேன்.

காலையில் பார்த்தால் கட்டு பழைய வேட்டியில் அழகாகச் சுற்றியிருந்தது. அம்மாவுக்குத்தான் என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய், தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பிரித்தார். மேல் ஷீட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். முந்நூறு ஷீட்டிலும் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள்! ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூலையெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இந்த மூலையோடு ஷீட் மெஷினில் நேராக உட்காரவே உட்காராது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அறிவிருக்கா என்று ஆரம்பித்து, தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நான் மூச்சு வாங்குகிற வரை காத்திருந்துவிட்டு அம்மா சொன்னாள்:

"நீதாண்டி சொன்ன. எல்லாம் முடிஞ்சிதான்னு கேட்டேன். முடிஞ்சிது, மஞ்சள் வைக்கறதுதான் பாக்கின்ன. நானும் ஒங்க அத்தையும் நாலு மணிக்கே எழுந்து குளிச்சிட்டு ஒக்காந்து வச்சோம். இவ்ளோ பெரிய பத்திரிகையான்னு அவகூட கேட்டா. எம்பொண்ணு பண்றது எல்லாம் வித்தியாசமாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

சொன்னேன்தான். அத்தைக்கு முழங்கால் வலி வேறு. அவமானமாக இருந்தது.

கடைக்காரர் அதற்குள் ஐம்பது ஐம்பது ஷீட்டாகக் குறுக்கே வைத்து, நான்கு மூலையையும் கட்டிங் மெஷினில் நறுக்க ஆரம்பித்திருந்தார். கவருக்கு வெளியே இருக்கிற பகுதிதான், எப்படியும் கழிவில் போகிறது என்றார். என் பேனாக் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையார் தும்பிக்கையோடு வந்து சேர்ந்தார்.

"இத்தினி வருஷத்துல என் கடை வேஸ்ட்டுக்கு மஞ்சள் வச்சவங்க ஒங்க வீட்டுலதாம்மா" என்றார்.

தரையெல்லாம் மஞ்சள் முக்கோணத் துண்டுகள். அதைக் குப்பையோடு பெருக்கித் தள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் கவரை மடித்து ஒட்டி, கையோடு கொண்டுவந்திருந்த பத்திரிகையை உள்ளே வைத்து, கோயிலுக்கு ஓடினேன்.

நடை சாத்தப் பத்து நிமிஷம் இருந்தது. பெண் வீட்டாரோடு அங்கே காத்திருந்த அப்பா கவரை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பெண்ணின் அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் எங்கம்மா?" என்றார் அப்பா.

அறுநூறு கவரில் ஒன்றில்கூட ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, நான்கு மூலையிலும் வைத்தேன். காலை நாலு மணிக்கு அம்மா குழைத்த மஞ்சள் அது. பெண்ணின் அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மீதிக் கவர்களுக்கு மறுநாள் நாலு மணிக்கு எழுந்து நானே மஞ்சள் வைத்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா எதைக் கேட்டாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். அரைகுறையாக நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, முந்நூறு ஷீட்டில் ஒரு மூலையைக்கூட விடாமல் மஞ்சள் வைத்தவள் அவள்.