நாளுக்கு ஒரு பத்து

2009இல், ஈழத்தில் போர் முற்றிய நாட்களில், லண்டனில் இருந்த எங்கள் ஆட்களில் பலருக்குச் சிகரெட் கூடியதே தவிரக் குறையவில்லை. டிவியில் செய்திக்கு முன் ஒன்று, செய்தி முடியப் பின்வாசலில் இன்னொன்று. நானோ அதற்கு முன்பே இரண்டு தடவை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லி, இரண்டு தடவையும் ஏலக்காயை மென்றுகொண்டே பிடிபட்டவன். அதனால் மூன்றாம் முறை வாயே திறக்கவில்லை. முழுதாக விட்ட பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

வழி காட்டியவன் ஹவுன்ஸ்லோவில் இருந்த நண்பன். ஏர்போர்ட்டில் ஷிப்ட் வேலை. ஒரு வருடம் முன்பே சிகரெட்டை விட்டவன். "தனிய நிண்டு மல்லுக்கட்டாதை மச்சான்," என்றான். "பார்மசிக்குப் போ. ஊதச் சொல்லுவினம், ஊது. பத்துத் தருவினம், ஒட்டு."

நிக்கோட்டின் பேட்சுக்கு அவன் வைத்த பெயர்தான் பத்து. தலையிடிக்கு அரைத்துப் போடுகிற பத்து மாதிரி இதுவும் தோலில் இருந்துகொண்டே வேலை செய்யுமாம். எனக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நாங்கள் குடியிருந்தது கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில். அங்கே வீட்டுக்குக் கிட்ட இருந்த பார்மசியில் கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கிருந்த பெண் மூச்சை அடக்கச் சொல்லி, பிறகு ஒரு மட்டைக் குழாயில் ஊதச் சொன்னாள். புகையால் உடம்பில் சேர்ந்த நச்சுவாயுவை அந்த மெஷின் எண்ணாகக் காட்டும். எனக்கு இருபத்துநான்கு. அவள் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாருங்கள், நாம் இதை இறக்குவோம் என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த 'நாம்' எனக்குப் பிடித்துப்போயிற்று.

பேட்ச் ஒட்டத் தொடங்கி மூன்றாம் வாரம், சமையலறையில் நின்று நண்பனோடு போனில் கதைத்தேன். "ஓம் மச்சான், இண்டைக்கும் பத்துப் போட்டிட்டன். வீட்டில தெரியாது."

திரும்பினால் மனைவி, கையில் கீரைக்கட்டோடு.

"பத்தோ?" என்றாள். "முந்தி நாளுக்கு எட்டுச் சிகரெட் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

சட்டைக் கையைச் சுருட்டி வலது தோளைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். கிட்ட வந்து பார்த்தாள். "உது எங்கயோ இடிச்சுப்போட்டு ஒட்டின பிளாஸ்டர்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் குடைந்தது. இரண்டு தடவை ஏமாந்தவள், மூன்றாவதுக்கும் ஆயத்தமாக நின்றாள்.

"சனிக்கிழமை நீரும் வாரும்," என்றேன். "மெஷின் சொல்லட்டும்."

வந்தாள். ஊதினேன். மூன்று. பேட்சில் நிக்கோட்டின் மட்டும்தான், புகைத்திருந்தால் மெஷின் காட்டிக்கொடுத்திருக்கும் என்று அந்தப் பெண் விளக்கினாள். மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் ஊதிப் பார்க்கலாமா என்றாள். அந்தப் பெண் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தாள். மனைவிக்கும் மூன்று.

"சிகரெட்டைத் தொட்டும் பாராத எனக்கும் மூண்டு, உங்களுக்கும் மூண்டோ?" பஸ்ஸில் கேட்டாள். "மெஷினை நம்பலாமோ தெரியேல்லை." ஆனால் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை நான் முகம் கழுவி வர, பேட்ச் பெட்டி அவள் கையில் இருந்தது. நேற்று ஒட்டிய இடத்தில் இன்றைக்கு ஒட்டக்கூடாது என்று பார்மசியில் சொன்னதை நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை.

"இஞ்சால திரும்புங்கோ," என்றாள். "இண்டைக்கு இடது தோளிலதான் பத்து."