ஸல்கா ஸ்கோப் வாங்குகிறாள்

கடை வாசற்படியில் நின்று துப்பாக்கிமேல் மாட்டும் ஸ்கோப்பை வலக்கண்ணுக்கு நேராகப் பிடித்து, எதிர்ச்சரிவில் மேயும் யாருடைய மாட்டையோ பார்க்கிறாள் ஸல்கா. பொழுது சாய்ந்துவிட்டது. பட்டப்பகலில் எல்லாக் கண்ணாடியும் யோக்கியன்தான், அந்தியில்தான் சாயம் வெளுக்கும் என்பது அவள் கட்சி. அதனால் கடை அடைக்கிற நேரம் பார்த்துத்தான் வருவாள். கடைக்கார லொய்ஸ் சாவிக்கொத்தைக் குலுக்குவான். அவள் காதில் விழாது.

சோச்சா பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டுகிறவள் அவள். ஐம்பது தாண்டிவிட்டது, தோள் அகன்ற உடம்பு. வலப்புருவத்தின் மேல் பிறைபோல ஒரு தழும்பு. சுட்ட வேகத்தில் பழைய ஸ்கோப் பின்னால் வந்து இடித்ததில் கிடைத்தது. உற்றுப் பார்க்கும் பயணிகளிடம், "எம் முன்னாள் புருஷன் வச்ச முத்திரை" என்பாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

லொய்ஸ் அவளுடைய வேட்டைக் கூட்டத்திலும் ஒருவன். இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்து, எண்ணூறு மீட்டரில் நிற்பதைக்கூட அடிக்கலாம் என்று ஆசை காட்டினான். அவள் அதன் வழியே பார்த்தாள்.

"மாட்டோட காது தெரியுதுப்பா. மாடு எங்க?"

பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் இருள்கிறது, மூச்சு விட்டால் மலையே ஆடுகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததில் கண்ணை ஒட்டி வைக்க வேண்டியிருந்தது. புருவத்தைத் தடவியபடி அதையும் தள்ளிவிட்டாள்.

இத்தனை பிகுவும் போன இலையுதிர்காலத்தில் வந்தது. அவர்கள் வேட்டையாடும் மலையாட்டில் ஆணுக்கும் கொம்பு, பெண்ணுக்கும் கொம்பு. கிடாயின் கொம்பு கொஞ்சம் பருத்து, நுனி நன்றாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கிழட்டுக் கிடா என்று நம்பி வெகு தொலைவிலிருந்து சுட்டாள். கிட்டப் போனால், பால் கட்டிய மடி. பாறைமேல் ஒரு குட்டி நகராமல் நின்றது. வழக்கப்படி பைன் கொப்பு ஒடித்து, செத்த ஆட்டின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தாள். சுட்டவர் தொப்பியில் பாராட்டாகச் செருகவேண்டிய கொப்பை லொய்ஸ் நீட்டினான். வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை.

வசந்தத்தில் தீயணைப்பு மண்டபத்தில் எல்லாரும் சுட்ட ஆடுகளின் கொம்புகளை வரிசையாக மாட்டினார்கள். தப்பாகச் சுட்டதற்கு அடையாளமாக அவளுடையதில் மட்டும் சிவப்புப் பொட்டு. அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பால் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். குட்டியை நினைத்தால்தான் சிரிப்பு வராது.

இந்த வருஷமும் கூட்டம் அவள் சுடுவதற்கென்று ஒரு கிழட்டுக் கிடா ஒதுக்கியிருக்கிறது. இன்னொரு பொட்டு விழுந்தால் துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

கடைசியில் அவள் எடுத்தது நடுத்தரமான ஒன்று. அதிகம் பெரிதாக்காது, முன்கண்ணாடி அகலம், கண்ணைத் தள்ளி வைத்தே பார்க்கலாம்.

"இத வச்சு எண்ணூறு மீட்டர் அடிக்க முடியாதுக்கா."

"எனக்கு எதுக்கு அது? முன்னூறுல அது ஒண்ணுக்குப் போறது தெரிஞ்சா போதும். கிடா நின்னுக்கிட்டுப் போகும், பொட்டை குந்திப் போகும். கொம்பு ஏமாத்தும்டா, அது ஏமாத்தாது."

லொய்ஸ் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.

அக்டோபரில் ஒருநாள் இருவரும் முகட்டில் குப்புறப் படுத்திருந்தார்கள். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. எதிரே ஒற்றை ஆடு, அழகாய் வளைந்த கொம்பு. லொய்ஸ் தன் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "கிடாதான்கா, போடு" என்றான். ஸல்கா விரலை விசையருகே வைத்தபடி காத்திருந்தாள். இருட்டப்போகுது என்று அவன் முணுமுணுத்தான். ஆடு நிதானமாக மேய்ந்தது, உடம்பை நெளித்தது, பிறகு பின்னங்காலை மடக்கிக் குந்தியது.

அவள் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். நகர்ந்து இடம் விட்டு, "இந்தா, நீயே பாரு" என்றாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி ஓடிவந்து தாயின் மடியை முட்டியது. ஸல்கா கையெட்டும் தூரத்திலிருந்த பைன் கொப்பு ஒன்றை ஒடித்துத் தன் தொப்பியில் தானே செருகிக்கொண்டாள்.