சரசாபாய் விட்டுப் போன சூடு

நம்பாதவர்கள் என் இடது காலைத்தான் கேட்க வேண்டும். இது யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. கனவுமில்லை, காய்ச்சலில் உளறியதுமில்லை. என் உடம்பில் நடந்தது. பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், காலை பதினோரு மணிக்கு. எதிர் வீட்டு ரேடியோவில் அப்போது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை மாதம். புனேயில் போபோடி. ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு எங்களுக்கு. என் ஊர் பாளையங்கோட்டை. கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் மோசஸ் பிறந்து வளர்ந்தது எல்லாம் கட்கி கண்டோன்மென்ட் பக்கம்தான். தமிழை விட மராத்தி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ வந்து ஒன்றரை வருஷமாகியும் 'ஹோ' என்ற ஒரே வார்த்தைதான் தெரியும். 'ஆமாம்' என்று அர்த்தம். காய்காரன், பால்காரன், பக்கத்து வீட்டு வைஷாலி அக்கா, எல்லாரிடமும் ஹோ சொல்லியே குடித்தனம் நடத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பேசினால் போதும், அது என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிவிடுவேன். "உனக்குப் போலீஸ் வேலை கிடைச்சிருக்கணும் எல்சி" என்று மோசஸ் சிரிப்பார்.

அப்போது எனக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள். பிரசவத்துக்குப் பிறகு இடது கால் வீங்கிப் போயிருந்தது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வீக்கம் தானா வடியும். ஆனா அந்தக் கால்ல சூடு தெரிஞ்சா ஒரு நிமிஷம்கூட வீட்ல உட்காரக் கூடாது, உடனே வந்துடணும். ரத்தம் கட்டியிருக்கலாம். அது நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா…"

மீதி எனக்கே புரிந்தது. அன்றிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் காலை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பச்சைப்பிள்ளை யாரிடம் வளரும்? அந்த ஒரு பயம்தான்.

பிரசவம் ஆன வீட்டுக்கு மாலிஷ்பாய் வருவது இங்கே வழக்கம். தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போகும் பெண்மணி. வைஷாலி அக்காதான் ஏரவாடாவிலிருந்து சரசாபாயை ஏற்பாடு செய்தார். ஐம்பது வயசு இருக்கும். நல்ல பலசாலி. வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. வாசலில் ரப்பர் செருப்பைப் 'பட் பட்' என்று உதறுவாள். உள்ளே வந்ததும் சாய் கேட்பாள். இரண்டு கரண்டி சர்க்கரை போதாது, மூன்றாவது வேண்டும். அவள் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். எண்ணெயைச் சுடவைத்து அதில்தான் கையைச் சூடாக்கிக்கொள்வாள். எண்ணெய் வாடை பட்டதும் என் மகள் ஊரைக் கூட்டிவிடுவாள்.

"இடது காலை மட்டும் அமுக்கக் கூடாது" என்று மோசஸ் முதல் நாளே அவளிடம் மராத்தியில் சொல்லியிருந்தார். அவளும் அந்தப் பக்கம் வர மாட்டாள்.

அந்தப் புதன்கிழமை. காலையிலிருந்து நல்ல மழை. மோசஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டார். ஒன்பது மணி வாக்கில் வைஷாலி அக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏதோ கடகடவென்று சொன்னார். எனக்குப் புரிந்தது கடைசி மூன்று வார்த்தைதான்.

"சரசாபாய்… கால்… கேலி."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்படியா சேதி! என் வீங்கின காலைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேலி பண்ணுகிறாளா? அதைக் கேட்டு இந்த அம்மாவும் வாயைப் பொத்திச் சிரிக்கிறாளா?

"ஹோ" என்று வெடுக்கென்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இன்றைக்கு வரட்டும் அந்தச் சரசாபாய், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

வந்தாள்.

சரியாகப் பதினோரு மணி. ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கிற சத்தம். நான் அடுப்பில் சாய் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், குழந்தை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் சரசாபாய் உட்கார்ந்திருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவை நான் தாழ் போடவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே மழை கொட்டுகிறது. அவள் புடவையில் ஒரு பொட்டு ஈரமில்லை. தரையில் ஈரக்கால் தடமும் இல்லை. ஆட்டோவில் வந்திருப்பாளோ? காசு ஏது இவளுக்கு? லேசாகப் புகை வாடை வேறு. விறகடுப்பில் சமைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. அவள் முன்னால் போய் நின்று காலைக் காட்டிக் கேட்டேன்.

"என்ன, எங்காலு ஒனக்குக் கேலியா? கால் கேலியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹோ," என்றாள். மெதுவாக. "கால் கேலி."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! மூஞ்சிக்கு நேரே ஒப்புக்கொள்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

இடது காலை.

"ஏய்… அது வேண்டாம்… அதத் தொடாத!"

கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்தாள். தேய்க்கவில்லை. அமுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள்.

கை சுட்டது.

எண்ணெயை இன்னும் சூடாக்கவே இல்லை.

காலை இழுத்தேன். வரவில்லை. குழந்தையைப் பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தும் அசையாமல் தூங்குகிறது. சூடு ஏறிக்கொண்டே போனது…

அடுப்பில் 'புஸ்' என்று சாய் பொங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

மறுபடி திரும்பினால் ஆள் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

நான்தான் போட்டிருப்பேன், மறந்திருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்குப் பேய் நினைப்பெல்லாம் இல்லை. வேறு பயம். கால் சூடு போகவில்லை.

பன்னிரண்டு மணிக்கும் சூடு. மூன்று மணிக்கும் சூடு. கொட்டும் மழையில், பாஷை தெரியாமல், பச்சைப்பிள்ளையோடு தனியாக எங்கே போக, மோசஸ் வரட்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியாக வைஷாலி அக்கா மத்தியானம் வீடு திரும்புவது தெரிந்தது. தலை ஈரம் சொட்டியது. நான் கதவைத் திறக்கவில்லை. என்னைக் கேலி செய்தவர்களிடம் போய் நிற்பேனா?

மோசஸ் வந்ததும் அழுதுவிட்டேன். "அந்த மாலிஷ்காரி என் காலக் கேலி பண்ணிட்டுத் திரியுதா. இன்னிக்கு வேணும்னே இடது காலப் பிடிச்சிட்டா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைய யாரு பாப்பா?"

"அரே, முதல்ல ரிக்‌ஷா ஏறு" என்றார்.

டாக்டரம்மா தொட்டதும் முகத்தைச் சுளித்தார். அப்பாடா, சூடு என் கற்பனை இல்லை. விரலால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்தார். "இங்க இருக்கு… இங்க இல்ல… இங்க மறுபடி இருக்கு. யாராவது கையால பிடிச்சாங்களா?"

கை வடிவம். வலது கை பட்ட இடத்தில் ஒரு விரல் மட்டும் பாதியில் நின்றது.

மறுநாள் ஸ்கேன். ரத்தக்கட்டு இல்லை. நரம்பு அழுந்தியிருக்கலாம், எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், தோலுக்கடியில் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்தது. காய்ச்சலில்லை, தோல் சிவக்கவில்லை, வலியுமில்லை. வெறும் சூடு. கையில் எதையோ தடவிக்கொண்டு வந்துவிட்டாள் என்பது என் கட்சி. மந்திரமாகக்கூட இருக்கும். வியாழக்கிழமை அவள் வரவில்லை. திருட்டு நெஞ்சு, எப்படி வரும் என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கால் மேல் யாரோ தண்ணீர் ஊற்றினது மாதிரி… ஜில்லென்று.

குனிந்து பார்த்தேன். ஈரமில்லை.

சூடும் இல்லை. வீக்கமும் இல்லை.

சாயங்காலம் மோசஸை இழுத்துக்கொண்டு வைஷாலி அக்கா வீட்டுக்குப் போனேன். "இனிமே சரசாபாய அனுப்பக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன். மோசஸ் மராத்தியில் சொன்னார். அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருவரும் பேசினார்கள். மோசஸ் முகம் மாறியது.

"எல்சி… அந்த அம்மா இறந்துட்டாங்களாம்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நெஞ்சு வலி. ஊர்லேர்ந்து மக வரணும்னு மறுநாள் வரைக்கும் வச்சிருந்தாங்களாம். புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொள்ளி வச்சாங்க. அக்காவும் கூடப் போயிருக்காங்க. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குச் சாம்பல் அள்ளி, தண்ணியும் பாலும் தெளிச்சாங்களாம்."

என் கை தானாக என் காலுக்குப் போனது.

"பொய்! எங்கிட்ட யாருமே சொல்லல."

மோசஸ் அதையும் கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு மாதிரியே. தோள் குலுங்கியது.

"புதன்கிழமை காலைல உன் வாசல்ல வந்து அழுதுக்கிட்டே சொன்னாங்களாமே? நீ 'ஹோ'ன்னியாம்."

அக்கா முந்தானையை எடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னார்.

"சரசாபாய்… கால்… கேலி."

நான் மோசஸ் பக்கம் திரும்பினேன்.

"மோசஸ்… 'கால் கேலி'ன்னா என்ன?"

"கால்னா நேத்து. கேலின்னா போயிட்டா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து செத்துப் போயிட்டான்னு அர்த்தம்."

நான் அதைச் சரசாபாய் முகத்தைப் பார்த்தே கேட்டிருந்தேன்.

அவளும் 'ஹோ' என்றுதான் சொன்னாள்.