இறங்கு எபோ

எபோ குவான்சா என்ற பெயர் அவருடைய வாக்காளர் அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் 'இறங்கு எபோ'. காயல் பாலத்தின் மேற்கு முனையில் ஒரு விசிலும் சிவப்புக் கொடியுமாகப் பதினோரு வருஷம் நின்றவர். வருகிற ட்ரோட்ரோ வேன் ஒவ்வொன்றையும் நிறுத்தி, உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவதுதான் வேலை. காலி வேன் ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடக்கும். ஜனங்கள் பின்னால் நடந்துபோய், மறுமுனையில் அவரவர் இடத்தில் ஏறிக்கொள்வார்கள். கர்ப்பிணிகளும் ஊன்றுகோல் வைத்திருப்பவர்களும் இறங்க வேண்டாம். மற்றபடி பாதிரியாரானாலும் போலீஸ்காரரானாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். கிழக்கு முனையில் இதே வேலைக்கு வந்த ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எபோ மாறவில்லை.

அதற்கு முன் அவரும் வேன் ஓட்டியவர்தான். ஒரு சனிக்கிழமை, சந்தைக்குப் போகிற இருபத்தோரு பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தின் நடுவே வந்தபோது பின்சக்கரம் தளத்தைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கடற்காற்று உத்திரங்களை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக வெளியே இழுத்தார். கடைசியாக இழுத்தது அவர் மனைவி அராபாவை, எட்டு மாதக் கர்ப்பிணி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நகரசபை அந்த ஓட்டையின் மேல் இரும்புத் தகடு அடித்துவிட்டு, 'ஐந்து டன்' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனது. எபோ சாவியை முதலாளியிடம் கொடுத்தார். ஓட்டுநர் சங்கத்தில் போய், "எனக்கு ஒரு விசில் குடுங்க, போதும்" என்றார். அன்றிலிருந்து ஆள் நிறைந்த ஒரு வேனும் அந்தப் பாலத்தில் ஏறவில்லை.

பாலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க நகரசபைக்குப் பதினோரு வருஷம் ஆனது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, ஒட்டுப்போட்டு ஓட்டுவதா? கடைசியில் தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்தார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்ட இரண்டு பேர் பாலத்தின் நடுமேட்டில் குடை விரித்து, மேஜை போட்டு, மூன்று நாள் எண்ணினார்கள். விடிவதற்கு முன் கார் வந்து இறக்கிவிடும், இருட்டியதும் வந்து ஏற்றிக்கொள்ளும். அந்த மேட்டிலிருந்து பாலத்தின் முனைகள் தெரியாது. அவர்கள் யாரையும் கேட்கவும் இல்லை, கேட்டு எழுதப் படிவத்தில் கட்டமும் இல்லை.

அறிக்கையைச் சபையில் வாசித்தார்கள். வேன் ஒன்றுக்குச் சராசரி இரண்டு பேர். நடந்து போகிறவர்களோ நாளைக்குப் பதினோராயிரம். ஆகவே இவ்வூர் மக்கள் நடப்பதையே விரும்புகிறார்கள். வேன்களை நிறுத்திவிட்டு, கைப்பிடி போட்டு, பூந்தொட்டி வைத்து, நடைபாலமாக்கினால் போதும். செலவு குறைவு என்றதும் சபைக்கு ஏக சந்தோஷம். சபை உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்தப் பாலத்தில் வேனில் போனவர் இல்லை போலிருக்கிறது.

செய்தி கேட்டு எபோ முதலில் சிரித்தார். அராபா சோளமாவுக் கெங்கே உருண்டையை இலையிலிருந்து பிரித்துக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷமா ஜனத்தை வேனை விட்டு எறக்குன. இப்போ வேனையே பாலத்தை விட்டு எறக்கிட்டானுங்க. சந்தோஷமா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சந்தையும் ஆஸ்பத்திரியும் கிழக்குக் கரையில், பாலத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தன. வேன் நின்றால் காயலைச் சுற்றி இருபத்தேழு கிலோமீட்டர். அராபா வறுத்த மீன் கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போகிறவள். வலது முழங்கால் போய் இரண்டு வருஷமாகிறது. பாலத்து நானூறு தப்படியையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடப்பாள். ஊன்றுகோல் வாங்கினால் உட்கார்ந்தே போகலாம். வாங்கமாட்டாள். "விசில்காரன் பொண்டாட்டி சொகுசா போறான்னு பேச்சு வாங்கவா?" என்பாள்.

சங்கம் ஆட்சேபித்ததில் ஒரு நாள் மறுபடி எண்ணச் சபை சம்மதித்தது. ஆனால் ஏன் வேன் காலியாகப் போகிறது என்பதைச் சங்கம் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால், தாங்காத பாலம் என்று மறுநாளே வேனை நிறுத்திவிடுவார்களே. அதனால் செயலாளர் ஃபீஃபி வேறு ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் எபோவின் அக்கா மகன். அங்கே மாமன் சொத்து மருமகனுக்குத்தான் போகும். எபோவிடம் சொத்து என்று இருந்தது அந்த விசில் ஒன்றுதான்.

"மாமா, ஒரே ஒரு நாள். விசிலை சட்டைப் பைல போட்டுக்கிட்டு வீட்ல படுங்க. வேன் நெறைய ஆளோட போவோம். எண்ணட்டும்."

"எண்ணி முடிக்கறதுக்குள்ள விழுந்துட்டா? விழுந்ததையும் எண்ணுவானுங்களா?"

"பதினோரு வருஷமா விழல!"

"ஏன் விழலன்னு ஒனக்குத் தெரியாதா?"

ஃபீஃபி எழுந்துவிட்டான். "ஒங்களாலதான் மாமா இவ்வளவு வினையும். நீங்க எறக்கிவிடலன்னா அவன் இப்படி எழுதியிருப்பானா?"

எபோவுக்கு அது நெஞ்சில் தைத்தது. உண்மையாக இருந்ததால்தான் தைத்தது.

மறு எண்ணிக்கை நாளன்று விடிவதற்கு முன்பே அவர் முனையில் நின்றார். கம்பெனிக் கார் வந்தது. உள்ளே எண்ண வந்த ஜிஃபா என்கிற பெண்ணும் ஒரு பையனும். கொடியைக் குறுக்கே நீட்டினார்.

"கார் போலாமே பெரியவரே, வெயிட் கம்மிதான்" என்றாள் ஜிஃபா.

"கார் போகட்டும். தம்பியும் போகட்டும். நீங்க மட்டும் எறங்கி, அந்த நிலையத்துல போய் வேன் ஏறி வாங்கம்மா."

"என் எடம் பாலத்து நடுவுல. படிவத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"படிவம் ஒங்க கையிலதானே இருக்கு? அதையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கினாள். நிலையத்தில் அவளுக்குக் கிடைத்தது ஃபீஃபி ஓட்டும் வேன். அராபாவுக்கும் மீன் கூடைக்கும் நடுவே ஒரு சாண் இடம். உள்ளே தலைகளை எண்ணினாள். தன்னோடு இருபத்தொன்று.

ஃபீஃபி அன்று நிறுத்துவதாக இல்லை. பாலத்து வாயில் எபோ சாலை நடுவே வந்து நின்றார். விசிலை ஊதினார். வேன் அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

"மாமா, நகருங்க!"

"எறக்கு."

"அந்தப் பொண்ணு உள்ளயே இருக்கு மாமா! அப்படியே போயிட்டா கணக்கு சரியாயிரும்!"

"அந்தப் பொண்ணு உள்ள இருக்கறதாலயும்தான் சொல்றேன். எறக்கு."

உள்ளே ஒரே கூச்சல். அதற்கிடையில் அராபா கூடையைத் தலையில் தூக்கி வைத்து, காலை மெதுவாக ஊன்றி, முதல் ஆளாக இறங்கினாள். ஜிஃபா அவளைப் பார்த்தாள். "கால் இவ்வளவு வலிக்குதே, நீங்க எதுக்கும்மா எறங்கணும்?"

"கட்டின பொண்டாட்டிக்கே சலுகை தராத மனுஷன், ஒனக்கா தரப்போறாரு? எறங்கு தாயி."

ஜிஃபா இறங்கி, அராபாவின் நடைக்கு நடந்தாள். நடந்து மேட்டுக்கு வந்தபோது மேஜையில் பையன் மும்முரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். வேன் ஒன்று, ஆட்கள் இரண்டு. அடுத்த பத்தியில் நடப்பவர்கள்.

"என்னை எங்கடா போட்ட?"

"நடந்துதானக்கா வர்றீங்க? நடக்கறவங்கள்ல."

அவள் கையில் வேன் சீட்டு இருந்தது. அதையும் அவன் போட்ட கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் புடி" என்றாள். அன்று இருட்டும்வரை அந்த மேஜை எபோவின் விசிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டாவது அறிக்கையில் இரண்டு விஷயமும் வந்தது. வேன் ஒன்றுக்குப் பத்தொன்பது பேர். அவர்களைச் சுமக்கப் பாலத்துக்குச் சக்தி இல்லை. புதுப் பாலம் கட்டுவதென்று சபை முடிவு செய்தது. பழைய பாலத்தில் வேன்களை அந்த வாரமே நிறுத்தியது. எபோவுக்கு இது தெரிந்ததுதான். விசிலைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஃபீஃபி ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. வேன்கள் நாலு வருஷம் காயலைச் சுற்றின. அராபா மேற்குக் கரையிலேயே மீனைப் பாதி விலைக்கு விற்றாள், தினமும் புருஷனைத் திட்டினாள். எபோ ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்குப் போனார். அந்த நாலு வருஷமும் கஷ்டம்தான்.

புதுப் பாலம் திறந்த அன்று முதல் வேன் ஃபீஃபியுடையது. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். "மாமா, முன் சீட்டு ஒங்களுக்கு." எபோ ஏறினார். பின்னால் அராபா கூடையோடு. மற்றபடி எல்லாம் பழைய சந்தை முகங்கள்.

பாலத்து வாய்க்கு வந்ததும் ஃபீஃபியின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கதவு தானாக இழுபட்டது. பின்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அராபாவும் கூடையைத் தூக்கியாயிற்று. யாரும் இறங்கவில்லை, எல்லோரும் எபோவைப் பார்த்தார்கள். அவர் கை நெஞ்சில் விசில் தொங்கும் இடத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

"உக்காருங்க" என்றார். பின்னால் திரும்பி மறுபடி சொன்னார். "யாரும் எறங்க வேணாம். உக்காருங்க."

"இப்படி ஒரு வார்த்தை ஒன் வாயில இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றாள் அராபா. சொல்லிவிட்டு, கூடையை மடியில் இறக்கி, வலது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.