மூடாத துளை

பேத்திக்குப் புல்லாங்குழல் வாங்கத் திருவையாற்றுக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எல்லாத் துளையையும் மூடி ஊதிக் காட்டினார். அப்பாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கப்பா ஊதினால் களத்தில் வேலை நின்றுவிடும். கூலி நெல் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் ஆட்கள் அவர் குழலையும் மோதிரவிரலையும் சேர்த்தே ஒடித்தார்கள். விரல் விறைத்துப்போனது. அந்த வருஷத் திருவாரூர்த் தேரன்று என்னையும் கூட்டிப்போய், குழல் விற்பவரிடம் மலிவான குழல்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார். எதிலும் அந்த ஒரு துளையை அவரால் மூட முடியவில்லை. வெறுங்காற்றுதான் வந்தது.

"குவியலையே எச்சி பண்ணிட்டீங்களேண்ணே," என்றார் விற்பவர்.

நான் அந்தத் துளையில் என் விரலை வைத்தேன். சுரம் சுத்தமாக எழுந்தது. அப்பா பாதியில் நிறுத்திக் குழலைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளைக்குடி விரல் குடுப்ப? விடிஞ்சா நீயும் அவங்க வயல்லதான உளுந்து பறிக்கப் போவணும்," என்றார்.