நிரோஜா சொல்லிவிட்டுப் போன வார்த்தை

இன்று காலை வட்டக்கச்சி பஸ்ஸில் வரும்போது வேலை நேர்முகத்துக்கான அழைப்பு வந்தது. கேள்வி கேட்பது ஏஐதான் என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

பக்கத்தில் சிநேகிதி நிரோஜா. போன வருடம் வரை அதே கொம்பனியில் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும் வேலை செய்தவள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ."

நிரோஜாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் நிறையப் பணிஸ்.

கேட்டதற்கெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"வேலை கிடைச்சா முதல் கிழமை நீங்கள் வசனம் வாசிச்சுக் குரலைப் பதியவேணும்" என்றது குரல். பிறகு, "சரி, அப்ப நான் போயிட்டு வாறன்."

நிரோஜா பணிஸை மடியில் வைத்தாள்.

"என்னை வேலையால நிப்பாட்ட முதலும் கனக்க வசனம் வாசிக்கச் சொன்னவங்கள். ஆனா கடைசியாச் சொன்னது அதில இல்லையடி. அண்டைக்குக் கதிரையால எழும்பேக்க எல்லாருக்கும் சொன்னனான். மைக்கை நிப்பாட்டேல்ல போல."

கிளிநொச்சியில் இறங்கும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லாமல் அவள் போனதே இல்லை. இன்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கு வேலை கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். வாசித்து முடித்து எழும்பும்போது என்ன சொல்லிவிட்டு வருவது? யோசித்துச் சொல்லுங்கள்.