நேரா வீட்டுக்குப் போகக் கூடாது

எங்கள் தீவில் சாவுக்குப் போனவர்கள் நேராக வீடு திரும்ப மாட்டார்கள். வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் செத்தவன் பின்னாலேயே வந்துவிடுவான். ஊரே வந்து உட்கார்வது என் பெட்டிக்கடையில்தான். சாவு விழுந்தால் எனக்கு வியாபாரம், பொய் சொல்வானேன்!

கொரோனா வந்த இரண்டாம் வருடம், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை என்று மணிலாக்காரர்கள் டிவியில் அழுதார்கள். எங்களுக்கு ஆஸ்பத்திரியே கிடையாது. ஆஸ்பத்திரி இருக்கிற சமார் கரைக்குப் படகில் நாலு மணி நேரம். அவர்கள் பிழைத்து எழுந்த நோயில் நாங்கள் செத்தோம்.

அப்போதுதான் அகாபிடா கடைக்கு வந்தாள். எட்டாவது படித்தவள், சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கிறவள்.

"அக்கா, செத்த ஒன்பது பேர்ல ஏழு பேர் முந்தின சாவுக்குப் போயிட்டு வந்து உங்க கடையிலதான் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியாடி?"

"எங்கேயும் உட்காராதீங்கன்னா யாரு கேப்பா? இனிமே எங்க நிலையத்துல உட்காரட்டும்."

மரத்தடியில் பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். இஞ்சித் தண்ணீர் வைத்தாள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியோடு வாசலில் நின்றாள். விரல் நீட்டினால்தான் இஞ்சித் தண்ணீர். "ஊசியைப் பார்த்தா பேயே ஓடிடும், நல்ல எடம்தான்" என்று சிரித்துக்கொண்டே சனம் அங்கே போனது. நான் ஒரு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நெஸ்டோவும் அங்கேதான் போயாக வேண்டும். எங்களுக்குக் கடையும் வீடும் ஒன்று. கடையில் உட்கார்ந்தால் நேராக வீட்டுக்கு வந்த கணக்காகிவிடுமே! கூட்டாளியைப் புதைத்துவிட்டுப் போய் விரலை நீட்டினார். எண்பத்து நாலு.

"பரீட்சையில கூட எனக்கு இவ்வளவு மார்க்கு வந்ததில்ல" என்று சிரித்தாராம்.

அகாபிடா தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. கருவியில் கோளாறு இல்லை.

"அண்ணே, படகுல ஏறுங்க."

நகராட்சியில் நச்சரித்து வாங்கி வைத்திருந்த ஒரே சிலிண்டரைத் தானே தூக்கினாள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாய் திறப்பதற்குள் கையைப் பிடித்து ஏற்றினாள். "ஏறுங்கக்கா, அப்புறமா திட்டிக்கலாம்."

எதிர்காற்றில் நாலு மணி நேரப் பயணம் அஞ்சாக இழுத்தது. மூணு மணி நேரத்திலேயே சிலிண்டர் முள் கீழே இறங்கிவிட்டது. அவர் உதடு நீலம் பாரித்தது. ஐயோ, அந்த இரண்டு மணி நேரத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது! அவள் காற்றைக் குறைத்துக் குறைத்து வைத்து, அவரைக் குப்புறப் படுக்கவைத்து, "மூச்சு விடுங்கண்ணே, விடுங்க" என்று கரை வரும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே கொண்டு போனார்கள். டாக்டர் வெளியே வந்து எங்கள் தீவின் பெயரை இன்னொரு முறை கேட்டார்.

"அங்கேயிருந்து உயிரோட வந்து சேர்ந்த முதல் ஆளு இவருதாம்மா."

பதினெட்டாம் நாள் நெஸ்டோ நடந்தே வெளியே வந்தார். அவருக்குப் பிறகு அதே படகில் பதினோரு பேரை அகாபிடா ஏற்றிப் போனாள். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள்.